அம்மா வலிக்கவில்லை என்கிறார். குளிப்பாட்டும்போது மட்டும் கத்துகிறார்

#1 மூத்தமகள்

கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 84 வயது. மறதிநோய் என்று தெரிந்து ஆறு வருடம். எட்டு மாதமாக ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். (நர்சிங் ஹோம் என்று எழுதினால் சிலர் சின்ன ஆஸ்பத்திரி என்று நினைத்துவிடுவீர்கள். நான் சொல்வது, தனியாக எழுந்து நடமாட முடியாத பெரியவர்களைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம்.) இரண்டு முழங்காலும் தேய்ந்து பல காலம் ஆகிறது. எடை 41 கிலோ.

நான் போய் உட்கார்ந்திருக்கும்போது அமைதியாக இருக்கிறார். “வலிக்குதாம்மா?” என்றால் “ஒண்ணுமில்லடி” என்கிறார். ஆனால் காலையில் குளிப்பாட்டி உடை மாற்றும்போது இல்லமே கேட்கும்படி கத்துகிறாராம். போன வாரம் உதவியாளர் பெண்ணின் கையைக் கடித்துவிட்டார். “முரண்டு பிடிக்கிறார், நோய் முற்றுகிறது” என்று சொல்லி இரவில் க்வெட்டியாபின் என்ற மனநோய் மருந்தை ஆரம்பித்திருக்கிறார்கள். இப்போது பகலிலும் தலை தொங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறார்.

மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். “பாராசிட்டமால் – தேவைப்பட்டால்” என்று இருக்கிறது. 61 நாளில் 4 தடவை கொடுத்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டதற்கு, “அம்மா கேட்கவே இல்லையே” என்றார்கள்.

தன் பெயரே சில நாள் ஞாபகம் இல்லாதவர் மாத்திரை கேட்பாரா? இதில் நான் என்ன செய்ய முடியும்? சண்டை போடத் தோன்றவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை.

#2 இரவுடியூட்டி

அக்கா, பத்தொன்பது வருடமாக இந்த வேலையில் இருக்கும் நர்ஸ் நான். உங்கள் கடைசி வரிக்கு முதலில் நன்றி.

“தேவைப்பட்டால்” என்கிற அந்த ஒரு சொல்லைப் பற்றி எனக்கு நிறையக் கோபம் இருக்கிறது. தேவைப்பட்டால் என்றால் யாருக்குத் தேவைப்பட்டால்? கூப்பிடு மணியை அழுத்தத் தெரிந்தவருக்கு அந்த மருந்து போய்ச் சேரும். மறந்துபோனவருக்கும், பேச்சு நின்றுபோனவருக்கும், “பிள்ளைகளுக்கே வேலை அதிகம், நாமும் தொந்தரவு பண்ணக்கூடாது” என்று நினைக்கிறவருக்கும் போகாது. எங்கள் கட்டிலில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்த மூன்று வகையில் ஏதாவது ஒன்றில் வருவார்கள்.

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. உட்கார்ந்திருக்கும்போது ஒன்றுமில்லை, அசைத்தால் கத்துகிறார். தேய்ந்த மூட்டு சும்மா இருக்கும்போது பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். வருகிறவர்கள் மாலையில் வந்து நாற்காலியில் இருக்கும் அம்மாவைப் பார்க்கிறார்கள். டாக்டரும் கட்டிலில் படுத்திருப்பவரைத்தான் பார்க்கிறார். வலியைப் பார்க்கிற ஒரே ஆள், காலை ஏழு மணிக்கு அவர் சட்டையைக் கழற்றுகிற உதவியாளர். சார்ட்டில் அந்தப் பெண் எழுத ஒரு கட்டம் கிடையாது.

ஒருநாள் காலையில் குளிக்கும் நேரத்துக்குப் போய் நில்லுங்கள். எந்த இடத்தைத் தொடும்போது கத்துகிறார் என்று பாருங்கள். முழங்காலாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை.

#3 ஒற்றைமகன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அப்பாவுக்கும் மறதிநோய். மூளை தேய்ந்துவிட்டால் வலி அவ்வளவாகத் தெரியாது என்று எங்களிடம் ஒருவர் சொன்னார். டாக்டர்தான் சொன்னார். அது தப்பா?

#4 முதியோர்மருத்துவம்

தப்பு. ஆனால் மருத்துவர்களிடமே இருக்கிற தப்பு, அதனால் கோபித்துக்கொள்ள முடியவில்லை.

நோய் கெடுப்பது வலியை உணர்வதை அல்ல. அதைப் புரிந்துகொள்வதையும், ஞாபகம் வைத்துக்கொள்வதையும், சொல்வதையும். உலக வலி ஆய்வுச் சங்கம் 2020-ல் வலிக்கான வரையறையைத் திருத்தியபோது, பேச்சு என்பது வலியை வெளிப்படுத்தும் பல வழிகளில் ஒன்றுதான், சொல்ல முடியவில்லை என்பதால் வலி இல்லை என்று ஆகாது என்று தனிக் குறிப்பாகவே சேர்த்தார்கள். சேர்க்க வேண்டிய நிலைமை இருந்தது. 2000-ல் அமெரிக்காவில் மாரிசன், ஸியூ என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இடுப்பு எலும்பு முறிந்து வந்த முதியவர்கள். ஒரே மாதிரி முறிவு. முற்றிய மறதிநோய் உள்ளவர்களுக்குக் கிடைத்த மார்ஃபின் வகை மருந்து, நினைவு தெளிவாக உள்ளவர்களுக்குக் கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்கு. எலும்பு முறிந்தவருக்கே இந்தக் கதி என்றால், தேய்ந்த முழங்காலுக்கு என்ன கிடைக்கும்?

மூத்தமகள், உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பேச முடியாதவர்களின் வலியைப் பார்த்துக் கணிக்க அளவுகோல்கள் இருக்கின்றன. எளிமையானது பெயினாட், 2003-ல் வந்தது. ஐந்து விஷயம்: மூச்சு எப்படி விடுகிறார், முனகலோ கூச்சலோ உண்டா, முகம் சுளிக்கிறதா, உடம்பு இறுகுகிறதா, தேற்றினால் அடங்குகிறாரா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2, மொத்தம் 10. ஐந்து நிமிடம் பார்த்தால் போதும். ஆஸ்திரேலியாவில் 2004-ல் வந்த ஆபி அளவுகோலும் இதேபோல்தான், அதில் ஆறு விஷயம், மொத்தம் 18.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பெயினாட்டில் 6 வந்தால் “பத்தில் ஆறு வலி” என்று அர்த்தமில்லை. பயந்தாலும், பசித்தாலும், குளிர்ந்தாலும் அதே முகம்தான். எண்ணை அவருடைய நேற்றைய எண்ணோடு ஒப்பிடுங்கள், பக்கத்துக் கட்டிலோடு வேண்டாம். சும்மா இருக்கும்போது ஒருமுறை, அசைக்கும்போது ஒருமுறை, மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை. மூன்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். அந்தத் தாளோடு டாக்டரிடம் போனால் பேச்சின் தொனியே மாறும்.

#5 இல்லம்நடத்துபவன்

எல்லாரும் நல்லாத்தான் சொல்கிறீர்கள். நானும் ஓர் இல்லம் நடத்துகிறேன். இரவில் 30 கட்டிலுக்கு ஒரு நர்ஸ், இரண்டு உதவியாளர். 30 பேருக்கும் மூன்று வேளை ஐந்து ஐந்து நிமிடம் என்றால் ஏழரை மணி நேரம். யார் செய்வது? டாக்டர் கூடுதல் மருந்து எழுதினாலும், அதைக் கொடுத்து, தூங்கி வழிந்து, விழுந்து இடுப்பு உடைந்தால் குடும்பம் கேட்பது எங்களைத்தான்.

#6 இரவுடியூட்டி

ஐயா, கணக்கு சரி, ஆனால் அப்படி யாரும் செய்வதில்லை. உட்கார்ந்து ஐந்து நிமிடம் வேடிக்கை பார்க்க வேண்டியதில்லை. புரட்டிப் படுக்க வைக்கிறீர்கள் அல்லவா, டயப்பர் மாற்றுகிறீர்கள் அல்லவா, அப்போது கண்ணால் பார்ப்பதை வெளியே வந்து எழுதினால் அரை நிமிடம். 30 பேருக்கும் வேண்டாம். புதிதாக வந்தவர், நடத்தை மாறியவர், மருந்து மாற்றியவர், படுக்கைப் புண்ணுக்குக் கட்டு மாற்றுகிறவர், இவர்களுக்கு மட்டும் போதும்.

இன்னொரு கணக்கும் போடுங்கள். கத்திக் கடிக்கிற ஒருவரைக் குளிப்பாட்ட இரண்டு பேர், நாற்பது நிமிடம். வலி அடங்கினவருக்கு ஒருவர், கால் மணி நேரம்.

விழுவது பற்றிச் சொன்னது நியாயமான பயம். ஆனால் வலியோடு நடக்கிறவரும் விழுவார். தூக்க மருந்து கொடுத்து வைத்தவரும் விழுவார்.

#7 ஒற்றைமகன்

அப்பா இன்னும் பேசுகிறார். ஆனால் கேட்டால் “வலி இல்லை” என்றுதான் சொல்கிறார். மூத்தமகளின் அம்மா மாதிரியே. அப்படி இருக்கும்போது நாமாக வலி என்று முடிவு கட்டுவது சரியா?

#8 இரவுடியூட்டி

தம்பி, இது எனக்குப் பிடித்த கேள்வி.

முதலில், கேட்காமல் இருக்காதீர்கள். மறதிநோய் ஆரம்ப, நடு நிலையில் இருக்கும் பலர் நன்றாகவே பதில் சொல்வார்கள். கண்ணாடியைப் போட்டுவிட்டு, காது மெஷின் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, “இப்போ” என்று கேளுங்கள். நேற்று வலித்ததா, போன வாரம் எப்படி என்றெல்லாம் கேட்டால் வராது. கேட்டபிறகு காத்திருங்கள். நாம் மூன்று விநாடியில் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். அவர்களுக்குப் பதில் வாய்க்கு வருவதற்கு அதைவிட நேரம் ஆகும். “பத்துக்கு எத்தனை?” என்ற கேள்வி வயதானவர்கள் பலருக்கு ஒத்துவராது. “இல்லை, கொஞ்சம், நடுத்தரம், ரொம்ப” போதும்.

அடுத்தது, “வலி” என்ற சொல்லை விடுங்கள். பெரியவர்கள் பலருக்கு வலி என்றால் பிரசவம், எலும்பு முறிவு. மற்றதற்கெல்லாம் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். நம் மொழியில் இதற்கா பஞ்சம்? ஒரு பாட்டியிடம் மூன்று மாதம் “வலிக்குதா” என்று கேட்டு “இல்லை” என்றே எழுதியிருக்கிறோம். ஒருநாள் “கால் குடையுதா பாட்டி?” என்றேன். “குடைச்சல் தாங்கலடி, ராத்திரி பூரா” என்றார். அவரைப் பொறுத்தவரை குடைச்சல் வேறு, வலி வேறு. அன்றிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்கிறேன்: குடையுதா, உளையுதா, எரியுதா, கடுக்குதா, இழுத்துப் பிடிக்குதா, விண்விண்ணுனு தெறிக்குதா, மரத்துப்போகுதா, குத்துதா. ஏதோ ஒன்றுக்குத் தலை ஆடும்.

இந்தச் சொல்லை அப்படியே சார்ட்டில் எழுதுங்கள். “நோயாளி வலி என்கிறார்” என்று மாற்றி எழுதாதீர்கள்.

#9 முதியோர்மருத்துவம்

இதை வழிமொழிகிறேன். அப்படியே எழுதினால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது. குடைச்சலும் கடுப்பும் மூட்டு, எலும்பு பக்கம் கைகாட்டும். எரிச்சல், மின்சாரம் அடித்த மாதிரி, மரத்துப்போய்க் குத்துவது என்றால் நரம்பு. சர்க்கரைநோய், அக்கி வந்துபோன இடம் என்று யோசிப்போம். நரம்பு வலிக்குப் பாராசிட்டமால் அவ்வளவாகக் கேட்காது. அதற்கு வேறு மருந்துகள் உண்டு. அவை தலைசுற்ற வைக்கும், சிறுநீரகத்தைப் பார்த்து அளவைக் குறைக்க வேண்டும், குறைவாக ஆரம்பித்து மெதுவாக ஏற்ற வேண்டும். அவற்றில் அமிட்ரிப்டிலினை நான் இந்த வயதில் கூடியவரை தொடுவதில்லை. இருக்கும் நினைவையும் குழப்பும்.

#10 மருமகள்3

சின்ன விஷயம். மாமியார் பத்து நாள் சாப்பிடாமல் வாயை இறுக்கிக்கொண்டார். நோய் முற்றிவிட்டது, குழாய் போடலாமா என்ற பேச்சுவரை போனது. பொய்ப்பல் செட்டைக் கழற்றிப் பார்த்தால் அடியில் புண், பக்கத்தில் உடைந்த பல் ஒன்று. வாயைத் திறந்து பாருங்கள். அவ்வளவுதான்.

#11 இரவுடியூட்டி

மருமகள்3 சொன்னதோடு இன்னும் இரண்டு. மலச்சிக்கல், சிறுநீர் அடைத்துக்கொண்டு வயிறு உப்புவது. இரவில் திடீரென்று ஒருவர் ஆர்ப்பாட்டம் செய்தால் தூக்க ஊசிக்கு முன்னால் அடிவயிற்றில் கை வைத்துப் பார்ப்பது என் வழக்கம்.

#12 படித்தவன்பார்த்தவன்

மருந்து மருந்து என்கிறீர்கள். இவர்களுக்கு உண்மையான வலி தனிமை. பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் பாதி சரியாகிவிடும்.

#13 முதியோர்மருத்துவம்

தனிமை வலியைக் கூட்டும் என்பதில் சந்தேகமில்லை. லண்டனில் 1967-ல் இறுதிக்கால நோயாளிகளுக்கான செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் “முழு வலி” என்று ஒரு கருத்தைச் சொன்னார். உடம்பு, மனம், உறவு, ஆன்மா எல்லாம் சேர்ந்த வலி. ஆனால் அதே அம்மையார்தான் மார்ஃபினை வலி வந்து கெஞ்சும்வரை காத்திருக்காமல் நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும் என்று வாதாடியவர். அவர் பெயரைச் சொல்லி மாத்திரையை நிறுத்த முடியாது.

இங்கே எழுதும் மகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் வேண்டாம்.

#14 மூத்தமகள்

நன்றி டாக்டர். #12-க்குப் பதில் சொல்ல நினைத்து மூன்றுமுறை எழுதி அழித்தேன்.

இரண்டு கேள்வி. பாராசிட்டமாலைத் தினமும் கொடுத்தால் கல்லீரல் போய்விடாதா? கடித்ததற்கும் வலிக்கும் சம்பந்தம் இருக்கும் என்று ஆராய்ந்து யாராவது சொல்லியிருக்கிறார்களா, அல்லது இது நம் ஆறுதலா?

#15 முதியோர்மருத்துவம்

இரண்டாவதை முதலில் எடுக்கிறேன். நார்வேயில் 18 இல்லங்களில், மறதிநோயோடு முரட்டுத்தனமும் இருந்த 352 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று உண்டு. 2011-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஒரு பகுதியினருக்கு எட்டு வாரம் படிப்படியான வலி மருந்து, மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. மருந்து பெற்றவர்களிடம் முரட்டுத்தனம் சராசரியாக 17 சதவீதம் குறைந்தது. பெரும்பாலோர் முதல் படியான பாராசிட்டமாலைத் தாண்டவே இல்லை. மருந்தை நிறுத்தியதும் தொந்தரவு திரும்பியது. மருந்தில்லாத போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடவில்லை என்பது அதன் குறை. 17 சதவீதம் மந்திரமும் இல்லை. ஆனால் அம்மாவுக்கு இப்போது கொடுக்கும் வகை மருந்துகள் மறதிநோய் முதியவர்களிடம் இறப்பைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005 முதல் எச்சரித்து வருகிறது. எதை முதலில் முயன்று பார்க்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். (நீங்களாக அதை நிறுத்திவிடாதீர்கள், டாக்டர் மூலம் படிப்படியாக.)

பாராசிட்டமால்: பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் என்பது உச்சவரம்பு, இலக்கு அல்ல. வயதாகி மெலிந்தவர்களுக்கு 3 கிராமோ அதற்கும் கீழோதான். உங்கள் அம்மா 41 கிலோ. 50-க்குக் கீழே என்றால் எடைக்கு இத்தனை என்று கணக்குப் போட்டு டாக்டர்தான் எழுத வேண்டும். சளி மாத்திரைக்குள் ஒளிந்திருக்கும் பாராசிட்டமாலையும் சேர்த்து எண்ணுங்கள்.

கடையில் கிடைக்கிற டைக்ளோஃபினாக், ஐப்யூப்ரோஃபென் வலி மாத்திரைகளை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். வயிற்றில் ரத்தக்கசிவு, சிறுநீரகம், இதயம் பலவீனமாகி உடம்பில் நீர் கோத்தல், மூன்றுக்கும் இந்த வயது சரியான இரை. முழங்காலுக்கு டைக்ளோஃபினாக் ஜெல் தடவுவது வேறு, அதில் ரத்தத்துக்குப் போவது மிகக் குறைவு.

#16 ஒற்றைமகன்

அப்பாவுக்கு மார்ஃபின் ஆரம்பிக்கலாம் என்கிறார்கள், புற்றுநோய் எலும்புக்குப் போய்விட்டது. அதை ஆரம்பித்தால் முடிவு நெருங்கிவிட்டது என்றுதானே அர்த்தம்?

#17 முதியோர்மருத்துவம்

வருத்தமாக இருக்கிறது தம்பி. இல்லை, அப்படி அர்த்தமில்லை. எலும்புப் புற்றுக்கு மார்ஃபின் தேவைப்படுவது வலியின் அளவைப் பொறுத்தது, மிச்சமிருக்கும் நாளைப் பொறுத்தது அல்ல. குறைந்த அளவில் ஆரம்பித்து நிதானமாக ஏற்றினால் மூச்சை நிறுத்திவிடாது. முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பெரும்பாலும் அடங்கும். அடங்காதது மலச்சிக்கல். முதல் மாத்திரையோடு மலமிளக்கியும் எழுதியிருக்கிறார்களா என்று கேளுங்கள். சிறுநீரகம் எப்படி என்றும் கேளுங்கள். பழுதாக இருந்தால் மார்ஃபினின் கழிவு உடம்பில் தேங்கி உதறலும் குழப்பமும் வரும், வேறு மருந்து தேர்ந்தெடுப்பார்கள்.

தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டை பற்றி யாராவது சொன்னால்: மார்ஃபின் வகை மருந்தே எடுத்துப் பழகாதவருக்கு அது ஆபத்து. ஒட்டியவுடன் வேலை செய்யாது, அரை நாளுக்கு மேல் ஆகும். மேலே வெந்நீர்ப் பை வைத்தால் மருந்து வேகமாக இறங்கும். பழையதைக் கழற்றாமல் புதிதை ஒட்டிய கதைகளை நானே பார்த்திருக்கிறேன்.

#18 பிசியோகாரர்

மருந்து வேலை செய்ய ஆரம்பிக்கும் நேரம் என்று ஒன்று இருக்கிறது. வாயால் கொடுத்தால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். குளியலும் பயிற்சியும் கட்டு மாற்றுவதும் அதற்குப் பிறகு இருக்கட்டும். பல இடங்களில் ஏழு மணிக்குக் குளியல், எட்டு மணிக்கு மாத்திரை. இதை மாற்ற ஒரு பைசா செலவில்லை.

தொடுவதற்கு முன் சொல்லிவிட்டுத் தொடுங்கள். கையைப் பிடித்து இழுக்காமல் தோளுக்கும் இடுப்புக்கும் பின்னால் கை கொடுத்துப் புரட்டுங்கள். முழங்கால்களுக்கு நடுவே தலையணை. நாள்முழுக்க அசைக்காமல் விட்டால் மூட்டு இறுகி, அடுத்தநாள் அசைப்பதே சித்திரவதை. உணர்ச்சி குறைந்தவர்களுக்கு ஒத்தடம் கொடுக்கும்போது தோல் வெந்துபோகாமல் கவனம்.

#19 மூத்தமகள்

மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

காலை ஏழு மணிக்குப் போய் நின்றேன். முழங்கால் இல்லை. சட்டையைத் தலைவழியாகக் கழற்ற இடது கையைத் தூக்கும்போதுதான் கத்துகிறார். கால் கழுவும்போது முணுமுணுப்புதான். உதவியாளர் பெண்ணிடம் கேட்டேன். “ஆமாக்கா, அந்தக் கைதான். வந்த நாளிலிருந்து அப்படித்தான்” என்றாள். யாரிடமாவது சொன்னாயா என்றேன். “யாரும் கேக்கலையே” என்றாள். அம்மாவைப் பற்றி அவர்கள் சொன்ன அதே பதில்.

தோள்மூட்டு இறுகிப்போயிருக்கிறது. டாக்டர் எடைக்குத் தகுந்த அளவில் பாராசிட்டமாலை மூன்று வேளையாக்கினார், ஒரு வேளை குளியலுக்கு ஒரு மணி நேரம் முன்னால். குளியல் பத்து மணிக்கு மாறியது. முன்பக்கம் திறக்கும் சட்டைகள் தைத்துக் கொடுத்தேன். போடும்போது வலிக்கிற கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். பெயினாட் குளிக்கும்போது 8 இருந்தது, இப்போது 3, 4. ஒருநாள் 7 வந்தது, ஏன் என்று தெரியவில்லை. கடி நின்றிருக்கிறது. க்வெட்டியாபினைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். அம்மா பகலில் கண் திறந்திருக்கிறார். நேற்று என்னைத் தன் தங்கை என்று நினைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினார்.

#20 இல்லம்நடத்துபவன்

சார்ட்டில் உதவியாளர் எழுத ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். இரண்டு பேர்தான் எழுதுகிறார்கள். ஒருத்திக்கு எழுதக் கூச்சம், வாயால் சொல்கிறாள், நர்ஸ் எழுதுகிறார். பார்ப்போம்.

#21 இரவுடியூட்டி

அக்கா, சந்தோஷம். ஒன்று கேட்கிறேன். இடது தோள் என்றீர்கள். இரவில் அவரை எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைக்கிறார்கள்?

#22 மூத்தமகள்

தெரியாது. நான் இரவில் அங்கே இருந்ததே இல்லை. நாளைக்குப் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்.